பரம்பரை மார்பகப் புற்றுநோய்: வம்ச வரைபடத்தில் தொடங்கி உறவினர் சோதனை வரை

"அம்மாவுக்கு வந்துச்சு, சின்னம்மாவுக்கும் வந்துச்சு, எனக்கும் வருமா?" இந்தக் கேள்வி மனதுக்குள் விழுந்ததும் பலர் நேராக ஒரு லேபைத் தேடிப் போய் ரத்தம் கொடுத்துவிடுகிறார்கள். நோயே வராத மகள் பணம் கட்டிச் சோதித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்ற காகிதத்தோடு வீடு திரும்புகிறாள். அந்த நிம்மதிக்குப் பெரும்பாலும் அடிப்படையே கிடையாது. காரணம் 6-வது படியில் இருக்கிறது.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் குடும்பத்தின் கதை. அடுத்து அதற்குக் காகித ஆதாரம். பிறகு மரபணு ஆலோசனை. அதன்பின் நோய் வந்தவருக்குச் சோதனை. மற்றவர்களின் முறை கடைசியில்தான் வரும். மதுரை, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது.

உங்களுக்கே இப்போது மார்பில் கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ, தோல் உள்ளிழுத்தது போன்ற மாற்றமோ இருந்தால் இதை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மேமோகிராம், பயாப்சி முதலில். வம்சக் கதையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

1. உங்கள் குடும்பத்துக்கு இது தேவையா என்று பாருங்கள்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் 100 பேரை எடுத்தால் 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரை மரபணு மாற்றம் நேரடிக் காரணம். ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு 70 வயதில் வந்தது என்பதற்காக வீட்டில் எல்லோரும் அலைய வேண்டியதில்லை.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் அடுத்த படிக்குப் போகலாம்:

- 50 வயதிலோ அதற்கு முன்போ மார்பகப் புற்று
- இரண்டு மார்பிலும் தனித்தனியாக வந்தது
- "டிரிப்பிள் நெகட்டிவ்" என்று ரிப்போர்ட்டில் எழுதிய வகை (இஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் கட்டியில் இல்லாதது)
- ஆணுக்கு வந்த மார்பகப் புற்று
- எந்த வயதிலும் சினைப்பைப் புற்று
- கணையப் புற்று, அல்லது உடலில் பரவிய புராஸ்டேட் புற்று
- அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகப் புற்று

பலர் பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் சினைப்பைப் புற்று ஒருவருக்கு வந்திருந்தாலே போதும், குடும்பத்தில் ஒரு மார்பகப் புற்றுகூட இல்லாவிட்டாலும் இந்தச் சோதனைக்கு இடம் உண்டு.

2. பேச ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லாங் சைஸ் நோட்டு, பென்சில், அழிப்பான், போட்டோ எடுக்க ஒரு போன். பேனா வேண்டாம். உறவு சொல்லச் சொல்ல அழித்து அழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து மருத்துவக் காகிதங்கள். நிறைய வீடுகளில் மஞ்சப்பையில் ஸ்கேன் பிலிம்களைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். நமக்கு உண்மையில் வேண்டிய ஒற்றைத் தாள் அதில் இருக்காது. தேட வேண்டியது பயாப்சி ரிப்போர்ட், அறுவைக்குப் பின் வந்த திசுப் பரிசோதனை ரிப்போர்ட், இஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் எழுதிய தாள், டிஸ்சார்ஜ் சம்மரி. புற்று எங்கே தொடங்கியது, என்ன வகை என்பதைச் சொல்வது இவைதான்.

காகிதம் இல்லை என்றால் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோயாளி எண், சேர்ந்த வருடம் சொல்லி நகல் கேளுங்கள். பெரியாஸ்பத்திரியில் பார்த்திருந்தால் பழைய ஓபி சீட்டில் இருக்கும் எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். இறந்தவரின் சாமான்களோடு காகிதங்களையும் எரித்துவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வீட்டில் யாராவது இப்போது சிகிச்சையில் இருந்தால் அவர்களின் ரிப்போர்ட்டை இன்றே போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள்.

இரண்டு உபரி ஆதாரங்கள் உண்டு. ஒன்று, பழைய மொய் நோட்டு. யார் யார் சொந்தம், எந்த ஊர் என்று மறந்துபோன பெயர்கள் அதில் கிடைக்கும். இன்னொன்று கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் நினைவு நாள் விளம்பரமும். யாராவது ஒரு பிரதியை எடுத்து வைத்திருப்பார்கள். இறந்த தேதியும் வயதும் அதில் இருக்கும்.

3. வம்ச வரைபடம் வரையுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். புற்று வந்தவருக்கு உள்ளே நிழலடியுங்கள். இறந்தவருக்குக் குறுக்காக ஒரு கோடு. கணவன் மனைவியைப் படுக்கைக் கோட்டால் இணைத்து, பிள்ளைகளைக் கீழே இறக்குங்கள். பக்கத்தின் நடுவில், கீழ்ப்பக்கமாக உங்களை வைத்து மேலே போங்கள்: அப்பா அம்மா, அவர்களுடன் பிறந்தவர்கள், அப்பத்தா தாத்தா, அம்மாச்சி தாத்தா. மூன்று தலைமுறை வேண்டும்.

நோய் வராதவர்களையும் கட்டாயம் எழுதுங்கள். ஐந்து அத்தைகளில் ஒருவருக்கு வந்ததும், இருந்த ஒரே அத்தைக்கு வந்ததும் மருத்துவருக்கு வேறு வேறு செய்தி. நல்லா இருக்கிறவர்களின் இப்போதைய வயதையும் எழுத வேண்டும். அப்பா வழியில் எல்லோரும் ஆண்கள் என்றால் அதையும் குறியுங்கள். பெண்களே இல்லாத கிளையில் மாற்றம் இருந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது.

*அப்பா வழியை விடாதீர்கள்.* மார்பகம் பெண் உறுப்பு என்பதால் அம்மா வழியை மட்டும் விசாரிக்கிறார்கள். இந்த மாற்றம் அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். அப்பத்தா சினைப்பைப் புற்றில் போனார், அப்பா எந்த நோயும் இல்லாமல் 68 வயதில் வயலுக்குப் போய் வருகிறார், மகளுக்கு 36-ல் மார்பகப் புற்று என்பது வழக்கமான கதைதான். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டியது போலத் தெரியும். உண்மையில் அது அப்பா வழியாகத்தான் வந்திருக்கும்.

*குலதெய்வக் கோயிலை மட்டும் நம்பாதீர்கள்.* மாசி மாதக் குலதெய்வக் கும்பிடான மாசிப் பச்சைக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடும்போது விசாரித்துவிடலாம் என்பது நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். அங்கே கிடைப்பது ஆண் வழி மட்டும். கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் வேறு கோயிலுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களின் மகள்கள் இன்னும் வேறு கோயிலுக்கு. நமக்கு முக்கியமானவர்கள் அந்தப் பெண்கள்தான். காதுகுத்து, கல்யாணம் போன்ற விசேஷங்களில்தான் தாய்மாமன் வழி, பெண் கொடுத்த வழி, எடுத்த வழி மூன்றும் ஒரே பந்தலில் கிடைக்கும்.

*உறவுப் பெயரை அப்படியே எழுதாதீர்கள்.* "பெரியம்மாவுக்கு வந்தது" என்றால் அது அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா? முதலாமவர் ரத்த உறவு. இரண்டாமவர் பெரும்பாலும் இல்லை. சின்னம்மாவுக்கும் இதே சிக்கல். அத்தை என்றால் அப்பாவின் தங்கையாகவும் இருக்கலாம், தாய்மாமன் மனைவியாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். "அண்ணன்" பெரியப்பா மகனாகிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் "அவங்க யார் வயித்துல பிறந்தவங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

*சொந்தத்தில் கட்டியிருந்தால்* கணவன் மனைவிக்கு இடையில் இரட்டைக் கோடு போடுங்கள். தாய்மாமனைக் கட்டிய வீட்டில் பிள்ளைக்கு அத்தையும் அம்மாச்சியும் ஒரே ஆளாக இருப்பார். "எங்க அத்தைக்கும் வந்துச்சு, அம்மாச்சிக்கும் வந்துச்சு" என்று அண்ணனும் தங்கையும் தனித்தனியே சொல்ல, ஒரே பெண்மணி இரண்டு வட்டமாகிவிடுவார். மருத்துவரின் கணக்கு அதோடு தப்பிப்போகும்.

*வயது கேட்பது ஒரு தனி வேலை.* "எத்தனை வயசுல வந்துச்சு?" என்றால் எல்லோரும் "ஒரு அம்பது இருக்கும்" என்பார்கள். "அப்ப அவங்க மூத்த பிள்ளை எத்தனாம் வகுப்பு?", "மக கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். கணக்குப் போட்டால் 41 என்று வரும். நமக்கு வேண்டியது நோய் தெரிய வந்த வயது. போஸ்டரில் இருப்பது இறந்த வயது. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம்கூட இருக்கலாம், 50 என்ற எல்லைக்கோடு அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும்.

4. வீட்டில் சொல்லும் பெயரை நோயின் பெயராக மாற்றுங்கள்

"கர்ப்பப்பை கேன்சர்" என்று நம் ஊரில் சொல்வது மூன்று வேறு நோய்களுக்குப் பொது. கர்ப்பப்பை வாயில் வருவது எச்பிவி என்ற வைரஸ் தொற்றால். அது மார்பகப் புற்றுப் பரம்பரையில் சேராது. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது வேறு சில பரம்பரை மாற்றங்களோடு சேரும். சினைப்பையில் வருவதுதான் நாம் தேடுவது. எது என்று பிரிக்காமல் வரைபடத்தில் எழுதினால் ஆலோசகர் முதல் ஐந்து நிமிடத்தை இதிலேயே செலவழிப்பார்.

காகிதம் இல்லாத பட்சத்தில் அறிகுறிகளைக் கேட்டு எழுதுங்கள். வெள்ளை, ரத்தப் போக்கு, "கரண்டு வச்சாங்க" (கதிர்வீச்சு) என்றால் கர்ப்பப்பை வாயாக இருக்க வாய்ப்பு அதிகம். "வயிறு வீங்கி, தண்ணி எடுத்துக்கிட்டே இருந்தாங்க" என்றால் சினைப்பையாக இருக்கலாம், கல்லீரலாகவும் இருக்கலாம். "மஞ்சக் காமாலை வந்து ரெண்டு மாசத்துல போயிட்டாரு, நாட்டு மருந்து கேக்கல" என்பதற்குப் பின்னால் கணையப் புற்று இருந்திருக்கலாம். இவை எல்லாம் ஊகம், ஆகவே பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதினால் தேவையில்லாத சோதனைக்கு வழி வகுக்கும்.

"லங்ஸ் கேன்சர்", "எலும்புக் கேன்சர்" என்று சொன்னால், அதற்கு முன்னால் மார்பில் அறுவை நடந்ததா என்று கேளுங்கள். மார்பிலிருந்து பரவியதைத்தான் பலர் தனி நோயாகச் சொல்கிறார்கள்.

"மார்புல கட்டி எடுத்தாங்க" என்பதும் புற்று ஆகாது. இளம் பெண்களுக்கு வரும் ஃபைப்ரோஅடினோமா சாதாரணக் கட்டி. கட்டி எடுத்த பிறகு கீமோவோ கதிர்வீச்சோ நடந்ததா என்பது நல்ல குறிப்பு.

இன்னொன்று. இளம் வயதிலேயே "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்ற பெண்கள் நம் பக்கம் நிறைய. சினைப்பையும் சேர்த்து எடுத்தார்களா, எந்த வயதில் என்று கேட்டு எழுதுங்கள். எடுத்திருந்தால் அவருக்குப் புற்று வரும் வாய்ப்பே குறைந்திருக்கும். அவர் நல்லா இருப்பதை வைத்து அந்தக் கிளையில் மாற்றம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

5. எந்தக் கட்டி எதோடு சேரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் எதை விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் வரைபடம் முழுமையாகும்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள்தான் முதன்மை. இவற்றில் மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 70. சினைப்பைப் புற்றுக்கு பிஆர்சிஏ1-ல் சுமார் 44, பிஆர்சிஏ2-ல் சுமார் 17. பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்கு மார்பகப் புற்றும், தீவிரமான புராஸ்டேட் புற்றும் வரலாம். கணையப் புற்று இரண்டிலும் சேரும். பால்பி2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் மார்பக ஆபத்து 100-க்குச் சுமார் 50.

சிறுவயதுப் புற்று குடும்பத்தில் இருந்தால் கவனம் வேறு பக்கம் போக வேண்டும். குழந்தைக்கு எலும்பிலோ தசையிலோ சார்கோமா, மூளைக் கட்டி, அட்ரினல் சுரப்பிக் கட்டி, அதோடு 30 வயதை ஒட்டி ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்று என்று இருந்தால் டிபி53 மரபணுவைச் சந்தேகிப்பார்கள். இதைச் சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம். இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு புதிய புற்றைத் தூண்டக்கூடும் என்பதால் முடிந்தவரை தவிர்க்கப் பார்ப்பார்கள்.

பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலார் வகை மார்பகப் புற்றோடு, சுவர் முழுக்கப் பரவும் இரைப்பைப் புற்றும் இருந்தால் சிடிஹெச்1. தைராய்டு, கர்ப்பப்பை உள்சுவர், பெரிய தலை என்று சேர்ந்தால் பிடென். உதட்டிலும் வாய்க்குள்ளும் சிறுவயதிலிருந்து கரும்புள்ளி, குடலில் சதை வளர்ச்சி என்றால் எஸ்டிகே11. உதட்டுப் புள்ளியை யாரும் நோயாக நினைப்பதில்லை, அதனால் கேட்டால்தான் சொல்வார்கள். பெருங்குடல் புற்றும் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றும் ஒரே கிளையில் வந்தால் அது லின்ச் என்ற வேறு பரம்பரை.

சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இன்னொரு கேள்வி உண்டு: ரத்தம் ஊறாமல், கட்டைவிரல் குறையோடு, வளர்த்தி இல்லாமல் சிறுவயதில் இறந்த குழந்தை இருந்ததா? பிஆர்சிஏ2 அல்லது பால்பி2 மாற்றம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய நோய் வரும். "ரத்தம் பத்தாம செத்துப்போன பிள்ளை" என்று மட்டும் நினைவில் இருக்கும் அந்தக் குழந்தையையும் வரைபடத்தில் போடுங்கள்.

6. ஆலோசனைக்குப் போங்கள்; சோதனை முதலில் நோய் வந்தவருக்கு

மதுரையில் சிகிச்சை பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடமே வரைபடத்தைக் காட்டித் தொடங்கலாம். மரபணு ஆலோசனைக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் வேலூர் சிஎம்சியும் நம் பக்கத்துக்காரர்கள் போகும் இடங்கள். ஆலோசனை இல்லாமல் சோதனை மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரிப்போர்ட் வந்த நாளில் அதை விளக்க ஆள் இல்லாமல் தவித்த வீடுகள் அதிகம்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த மகளின் விஷயம். குடும்பத்தில் எந்த மாற்றம் ஓடுகிறது என்று தெரியாத நிலையில் நல்லா இருக்கும் மகளைச் சோதித்து "இல்லை" என்று வந்தால், அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். குடும்பத்தில் மாற்றம் இருந்து அவளுக்கு வராமல் போயிருக்கலாம். அம்மாவுக்கே மரபணு மாற்றம் இல்லாமல் நோய் வந்திருக்கலாம். இந்தச் சோதனைக்குப் பிடிபடாத மாற்றம் ஒன்று குடும்பத்தில் இருந்து, அது மகளிடமும் இருக்கலாம். மூன்றில் எது என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. அம்மாவைச் சோதித்து மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு மகளுக்கு வரும் "இல்லை" உண்மையான இல்லை.

நோய் வந்தவர் பலர் என்றால் மிக இளம் வயதில் வந்தவர், அல்லது சினைப்பைப் புற்று வந்தவர் முதலில். நோய் முற்றியவர் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பேசச் சங்கடமாக இருக்கும், தெரியும். "உங்க பேத்திக்காக ஒரு ரத்தம் கொடுங்க அம்மாச்சி" என்று நேராகக் கேட்டால் மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கும் இதில் பலன் உண்டு: பிஆர்சிஏ மாற்றம் இருந்தால் ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பொருந்தும், அறுவையின் அளவும் மாறலாம்.

நோய் வந்தவர் யாருமே உயிரோடு இல்லையா? அவர்களுக்கு மிக நெருங்கிய ரத்த உறவை, அதாவது மகள், மகன், உடன்பிறந்தவரைச் சோதிப்பார்கள். மருத்துவமனையில் பாதுகாத்த மெழுகுத் திசுக்கட்டை இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

7. ரத்தம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். வெறும் வயிறு தேவையில்லை. கீமோ நடந்துகொண்டிருந்தாலும் கொடுக்கலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சில வாரம் தள்ளச் சொல்வார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவரின் ரத்தத்தில் கொடுத்தவரின் மரபணு இருக்கும் என்பதால் அவருக்குத் தோலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியை மதுரையிலேயே எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பலாம், அதற்காகப் பயணம் வேண்டாம்.

பணம் கட்டும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எத்தனை மரபணுக்களைப் பார்க்கிறார்கள், பிஆர்சிஏ இரண்டும் முழுதாக உண்டா? பெரிய துண்டு விடுபட்டது, இரட்டித்தது ஆகியவையும் சேர்ந்ததா? சாதாரண எழுத்து மாற்றத்தை மட்டும் படிக்கும் சோதனையில் அவை தப்பிவிடும். மாற்றம் கிடைத்தால் உறவினர் சோதனைக்குச் சலுகை உண்டா, எத்தனை மாதத்துக்குள்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ உங்கள் சொந்த பாலிசியிலோ எவ்வளவு வரும் என்பதையும் காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டியில் செய்த மரபணுச் சோதனையும் இதுவும் ஒன்றல்ல. கட்டியில் தெரியும் மாற்றம் கட்டிக்குள் மட்டும் உருவானதாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் போகுமா என்பதை ரத்தத்திலோ எச்சிலிலோ உறுதி செய்ய வேண்டும்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது

நோய் உண்டாக்கும் மாற்றம், உண்டாக்க வாய்ப்புள்ள மாற்றம் என்ற இரண்டில் ஒன்று வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

"பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். மருத்துவர்கள் இதை வியுஎஸ் என்பார்கள். நம் மக்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவு. அதனால் இப்படிப்பட்ட முடிவு நம்மவர்களுக்கு அடிக்கடி வருகிறது. பின்னாளில் வகை மாற்றப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றே முடிகின்றன. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் தங்கையையும் மகளையும் சோதிக்கக் கிளம்புவது, அறுவைக்கு நாள் குறிப்பது இரண்டும் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறுகள். குடும்ப வரலாறு என்ன சொல்கிறதோ அதன்படி கண்காணிப்பு தொடரட்டும், வருடத்துக்கு ஒருமுறை லேபிடமோ ஆலோசகரிடமோ வகை மாறியதா என்று கேளுங்கள்.

நோய் வந்தவருக்கே "மாற்றம் இல்லை" என்று வந்தால் ஆபத்து பூஜ்யம் என்று பொருளல்ல. ஒரே கிளையில் மூன்று பேருக்கு வந்திருக்கும்போது மகள்களின் ஆபத்து சராசரியைவிட அதிகம்தான், எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது என்று கேட்டு வாருங்கள்.

9. உறவினர்களுக்குச் சொல்வதும் சோதிப்பதும்

மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனுக்கும் அதே பாதி. உடன்பிறந்தவர்களுக்கும் அப்படியே. முகவரி கிடைத்துவிட்டதால் தெருத் தெருவாகத் தேட வேண்டாம்: உறவினருக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் மிகக் குறைவு.

லேபுக்குக் கொடுக்க வேண்டியது மரபணுவின் பெயர் மட்டுமல்ல, மாற்றத்தின் முழுக் குறியீடும். அது இருக்கும் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள். "எங்க அக்காவுக்கு பிஆர்சிஏ பாசிட்டிவ்" என்று வாயால் சொன்னால் முழுச் சோதனைக்கும் பில் போடுவார்கள்.

பிஆர்சிஏ சோதனையை 18 வயதுக்கு முன் எடுக்க வேண்டாம். அதுவரை செய்யக்கூடியது எதுவும் இல்லை; முடிவெடுக்கும் உரிமையும் அந்தப் பிள்ளையுடையது. டிபி53 போன்ற சில மரபணுக்கள் விதிவிலக்கு, அவற்றில் குழந்தைப் பருவத்திலேயே கண்காணிப்பு தொடங்கும்.

சொல்லும் விதம்தான் நம் ஊரில் மிகவும் கஷ்டமான இடம். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் "வெளிய தெரிஞ்சா வரன் வராது" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பயம் நியாயமானது, வாதாடிப் பயனில்லை. பந்தலில் பத்துப் பேர் நடுவே சொல்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். போனில் சொன்னது திரிந்துபோகும் என்பதால் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. இந்த அளவு போதும்:

"சின்னம்மா, எனக்கு வந்த மார்பகப் புற்றுக்குப் பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம் காரணம் என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு, இல்லாமலும் இருக்கலாம். ஒரு சின்ன ரத்தச் சோதனையில் தெரியும். எடுப்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நான் பார்த்த மருத்துவரின் விவரம் பின்பக்கத்தில்."

மருத்துவரிடம் கேட்டால் இதுபோன்ற கடிதம் அவர் கையெழுத்தோடும் கிடைக்கலாம். மாமா, சித்தப்பா போன்ற ஆண்களுக்கும் தவறாமல் கொடுங்கள். அவர்களில் பலர் "எனக்கு எதுக்கு?" என்பார்கள். மகள் பெயரைச் சொன்னால் உட்கார்ந்து படிப்பார்கள்.

சொந்தத்தில் பெண் எடுக்கப் பேசிக்கொண்டிருந்தால், இரு பக்கமும் ஒரே மாற்றத்தைச் சுமக்கிறார்களா என்பதை ஆலோசகரிடம் கேட்டுவிடுவது நல்லது. 5-வது படியில் சொன்ன ஃபான்கோனிதான் காரணம்.

10. மாற்றம் உறுதியானால் என்ன ஏற்பாடு

பிஆர்சிஏ உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரின் மார்பகப் பரிசோதனை, வருடம் ஒரு மார்பக எம்ஆர்ஐ. 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேரும். இளம் மார்பகம் அடர்த்தியானது, மேமோகிராமில் கட்டி மறைந்துவிடும் என்பதால்தான் எம்ஆர்ஐ முதலில் வருகிறது. மார்பகத்துக்கான தனிக் "காயில்" (படம் எடுக்க மார்பில் பொருத்தும் கருவி) உள்ள ஸ்கேன் மையமா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்; எல்லா எம்ஆர்ஐ மையத்திலும் அது இருக்காது.

சினைப்பைக்கு இப்படி நம்பக்கூடிய கண்காணிப்பு இல்லை. சிஏ-125 ரத்தச் சோதனையும் ஸ்கேனும் ஆரம்பக் கட்டத்தில் பிடித்து உயிரைக் காக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தபின் பிஆர்சிஏ1-ல் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2-ல் 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். கருக்குழாயை விட்டுவிடக் கூடாது. இந்தப் புற்றுகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன. எடுத்ததும் மாதவிடாய் உடனே நின்றுபோகும். சூடு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு பற்றி அறுவைக்கு முன்பே பேசுங்கள்.

மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பது ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். அது கட்டாயமல்ல, முறையான எம்ஆர்ஐ கண்காணிப்பும் ஒரு வழி. இதில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஆலோசகரிடம் அந்தப் பெண்ணைத் தனியாகப் பேசவிடுங்கள்.

ஆண்கள் 35 வயதிலிருந்து மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஆர்சிஏ2 இருந்தால் 40-லிருந்து புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனை.

கடைசியாக ஒரு கோப்பு: வம்ச வரைபடம், மரபணு ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், பயாப்சி ரிப்போர்ட், அடுத்த ஸ்கேன் தேதி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும். புதிதாக யாருக்காவது புற்று வந்தால் வரைபடத்தில் ஏற்றி ஆலோசகருக்கு அனுப்புங்கள். பத்து வருடத்துக்கு முன் பிஆர்சிஏ மட்டும் பார்த்து "இல்லை" என்று வந்த குடும்பமாக இருந்தால், இப்போதைய விரிந்த சோதனை தேவையா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.